தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

வடகரப்பதி,
10-9-1973

உ

அன்புள்ள தங்கச்சி நாச்சம்மாளுக்கு அக்கா மயிலாத்தாளின் ஆசீர்வாதம். நானும் உன் மாமாவும் பிள்ளைகளும் சௌக்கியம். மழை இந்த வருஷமும் ஏமாற்றிவிட்டது, கடலைக்கொடி வாடிக் கிடக்கிறது. உன் உடம்பும் மாப்பிள்ளை உடம்பும் எப்படி?

விசாரிப்பு முடிந்தது, இனிச் சண்டை. நீ முழுகாமல் இருப்பதை ஏலக்காய் வாங்க உங்கள் மலைக்கு வந்துபோகிற ஆறுச்சாமி சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டுமா? அவன் சந்தையில் நின்றுகொண்டு, "உங்க தங்கச்சிக்கு நாலு மாசமாமுங்க" என்கிறான். எனக்குத் தெரிந்த மாதிரியே தலையை ஆட்டிவிட்டு ஊட்டுக்கு வந்து அழுதேன். சந்தோஷத்தில் பாதி, பயத்தில் பாதி.

ஏன் மறைத்தாய் என்று எனக்குத் தெரியும். வாயால் சொன்னால் கண் பட்டுவிடும் என்று பயந்திருப்பாய். முதல் பிள்ளை இங்கே நம் ஊட்டில் பிறந்த மூன்றாம் மாதம் போனது. இரண்டாவது உங்கள் மலையில் கண் திறந்து பார்க்காமலே போனது. மூன்றாவதை நாம் சும்மா விட முடியாது. அதனால் ஒன்று சொல்கிறேன், கேள். இந்தப் பிள்ளையை நான் தவிட்டுக்கு வாங்கிக்கொள்கிறேன். குப்பைமேட்டில் கிடத்தி, தவிடு கொடுத்து வாங்கிவிட்டால் அது உன் பிள்ளை இல்லை, என் பிள்ளை. உன் ஊட்டுக்குத் தேடி வருகிற எமன் வெறுங்கையோடு போவான். முதல் முடி இறக்கும்வரை நீ அதை "என் பிள்ளை" என்று வாய் தவறியும் சொல்லக் கூடாது, அவ்வளவுதான்.

மாப்பிள்ளை சிரிப்பார். சிரிக்கட்டும். செழியன் என்று பேரை மாற்றிக்கொண்டால் ஆயிற்றா? அவரைப் பெற்றவள் வைத்த பேர் குப்பண்ணன். குப்பையில் கிடத்தி எடுத்த பிள்ளைக்குத்தான் அந்தப் பேர் வைப்பார்கள். அவர் உயிரோடு இருப்பதே இதற்குச் சாட்சி இல்லையா?

தை பிறந்ததும் பிரசவத்துக்கு இங்கே வந்துவிடு. கனமானதைத் தூக்காதே. பதில் போடு.

உன் அக்கா
மயிலாத்தாள்

*

பள்ளிக்கூட வீடு,
பீர்மேடு,
2-10-1973

அன்புள்ள அக்காவுக்கு நாச்சம்மாள் வணக்கம். இங்கே இருவரும் நலம். அங்கே மாமா, பிள்ளைகள், மாடுகன்று எல்லாம் நலமாக இருக்க விரும்புகிறேன்.

உன் கடிதம் வந்தது. கடிதங்கள் பள்ளிக்கூட விலாசத்துக்கு வருவதால் அவர்தான் பிரிப்பார், எனக்கு வாசித்தும் காட்டுவார். தவிட்டைப் பற்றி எழுதிய இடத்தை இரண்டு தரம் வாசித்தார். சிரித்தார். மேலே நீ போட்ட பிள்ளையார் சுழியைக் காட்டி, இது என்ன எழுத்து, எந்தச் சொல்லில் வருகிறது என்று கேட்டார். இந்தக் கடிதத்தையும் அவர்தான் தபாலில் போடுவார். அதனால் சுழி போடவில்லை, கோபித்துக்கொள்ளாதே.

அவர் நல்லவர் அக்கா. குடி இல்லை, கை நீட்டியது இல்லை. லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் அவரால்தான் எழுதப் படிக்கிறார்கள். தோட்டத்து ஆட்கள் லயம் லயமாக வந்து மனு எழுதி வாங்கிப் போகிறார்கள்.

இங்கே ஒரு விசேஷம். பள்ளிக்கூடத்தை ஒட்டிய மரத்தடியில் தெற்கத்தி ஆட்கள் கும்பிடுகிற மாடசாமி கல் ஒன்று இருந்ததே, நீ வந்தபோது பார்த்தாய். அந்த இடத்தில் இன்னோர் அறை கட்டவேண்டும் என்று அவரே கடப்பாரை போட்டு அதை எடுத்துவிட்டார். எடுத்த கல்லைப் பள்ளிக்கூடத்து வாசலில் படியாகப் போட்டிருக்கிறார். உறுதியான படி. பிள்ளைகள் அதை மிதிக்காமல் தாண்டிக் குதித்துப் போகின்றன. நான் பின்வழியாகப் போகிறேன், குழாயடிக்கு அதுதான் கிட்டம்.

லயத்துப் பெண்கள் இப்போது என்னோடு அதிகம் பேசுவதில்லை. தேயிலைக் கொழுந்து அதிகம், அவர்களுக்கு நேரமில்லை. அடுத்த லயத்து வேலுத்தாய் மட்டும் வருகிறாள். என் வயிற்றைப் பார்க்கிறாள், அப்புறம் அந்தப் படியைப் பார்க்கிறாள்.

பிரசவத்துக்கு அங்கே வருவது பற்றி அவரே எழுதுவார்.

அன்புத் தங்கை
நாச்சம்மாள்

*

பீர்மேடு,
5-10-1973

மதிப்பிற்குரிய மயிலாத்தாள் அக்காளுக்கு, வணக்கம். நலம். நலமறிய ஆவல்.

சுருக்கமாகவே எழுதுகிறேன். பிரசவம் இங்கே எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நடக்கும். நாச்சம்மாளை ஊருக்கு அனுப்புவதற்கு இல்லை.

காரணம் உங்களுக்குத் தெரியும். முதல் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டபோது கொழிஞ்சாம்பாறையில் டாக்டர் இருந்தார், பஸ்ஸும் இருந்தது. நீங்கள் குழந்தையை எடுத்துக்கொண்டு மந்திரிக்கப் போனீர்கள். திருநீறு போட்டுக் கயிறு கட்டி வாங்கிவந்தீர்கள். நான் வந்து சேர்ந்தபோது உங்கள் கையில் அந்தக் கயிறு இருந்தது, குழந்தை இல்லை. உங்கள் மனம் நோக வேண்டும் என்று இதைச் சொல்லவில்லை. நடந்தது இது.

தவிட்டுப் பேச்சு இனி வேண்டாம். அந்த வழக்கத்தைப் பற்றி உங்களைவிட எனக்கு அதிகம் தெரியும். என் குழந்தையைக் குப்பையில் போட நான் சம்மதிக்க மாட்டேன். எனக்குத் தெரியாமல் அப்படி ஒன்று நடந்தால், அன்றோடு உங்கள் ஊட்டுக்கும் என் ஊட்டுக்கும் போக்குவரத்து இல்லை.

மாமாவுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
செழியன்

*

(அஞ்சலட்டை)

பீர்மேடு,
18-2-1974

வணக்கம். நேற்றுப் பகல் பெண் குழந்தை பிறந்தது. இருவரும் நலம். பெயர் தேன்மொழி. தீட்டு, காப்பு, சடங்கு எதுவும் இல்லை. நான்கு மாதமாக உங்களிடமிருந்து கடிதம் இல்லை என்று நாச்சம்மாள் கவலைப்படுகிறாள். எழுதலாம்.

செழியன்

*

வடகரப்பதி,
3-3-1974

உ

அன்புள்ள நாச்சம்மாளுக்கு ஆசீர்வாதம். இங்கே எல்லோரும் சௌக்கியம். கார்டு கிடைத்தது. உன் மாமா தெருவுக்கெல்லாம் சர்க்கரை கொடுத்தார்.

கடலை பிடுங்கினோம், பருப்பில்லாத பொக்குதான் அதிகம். காரிப் பசு கன்று போட்டது. அதனால்தான் எழுத நேரமில்லை. வேறு ஒன்றும் இல்லை.

ஆறுச்சாமி அந்தப் பக்கம் வருகிறான். பிள்ளை பெற்ற உடம்புக்கு ராகி மாவும் சுக்கும் கருப்பட்டியும் கொடுத்து அனுப்புகிறேன். மூட்டையை நீயே பிரி. மாவுப் பைக்கு அடியில் இருப்பதை வேலுத்தாயிடம் கொடு, என்ன செய்வது என்று ஆறுச்சாமி அவளிடம் சொல்லுவான். நேரம் பார்த்து அவன் கையில் ஒரு வரி எழுதிக் கொடுத்துவிடு. இந்தக் கடிதமும் தபாலில் வரவில்லை, அவன் கையில்தான் வருகிறது. படித்ததும் அடுப்பில் போடு.

குளிர்காற்றில் நிற்காதே.

உன் அக்கா
மயிலாத்தாள்

*

(ஆறுச்சாமி கைவசம்)

பீர்மேடு,
20-3-1974

உ

அக்கா, எத்தனை மாதம் கழித்து மேலே சுழி போட்டு எழுதுகிறேன். போடும்போது வாசலைப் பார்த்துக்கொண்டே போட்டேன். நீயும் மாமாவும் பிள்ளைகளும் நல்லபடியாக இருக்க வேண்டும். நான் இருக்கிறேன்.

நடந்துவிட்டது. அவர் ஏலப்பாறையில் கூட்டத்துக்குப் போன நாளாகப் பார்த்து வேலுத்தாய் வந்தாள். தெற்கேயும் இது உண்டாம், அவளுடைய தம்பியே தவிட்டுக்கு வாங்கினவனாம். "பயப்படாத தாயி, சட்டுனு முடிச்சிருவோம்" என்றாள். லயத்துக்குப் பின்னால் குப்பைமேட்டில் முறத்தைப் போட்டு அதில் பிள்ளையைக் கிடத்தினேன். கை வரவில்லை அக்கா. தேயிலைத்தூள் சக்கையும் முட்டைத்தோடும் கிடக்கிற இடம். பிள்ளை அழவில்லை, வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. நான் திரும்பிப் பார்க்காமல் பத்தடி வந்துவிட்டேன். வேலுத்தாய் அதைத் தூக்கிக்கொண்டு, "வடகரப்பதி மயிலாத்தாளுக்காக வாங்கிட்டேன், இது அவ பிள்ள" என்று மூன்று தரம் சொல்லி, நீ அனுப்பிய தவிட்டை என் மடியில் கொட்டினாள். பிறகு பிள்ளையை என் கையில் கொடுத்து, "நீ பால் குடுக்க வந்தவ, வளத்துக் குடு" என்றாள்.

அப்போது நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. உடனே வேறொரு கல் ஏறிக்கொண்டது. தவிட்டை வேலுத்தாயின் மாட்டுக்குப் போட்டுவிட்டு வந்தால் அவர் வாசலில் நிற்கிறார். கூட்டம் சீக்கிரம் முடிந்துவிட்டதாம். "சேலையில என்ன, தவிடு?" என்று கேட்டார். வேலுத்தாய் மாட்டுக்குத் தீனி வைத்தேன் என்றேன். கொஞ்ச நேரம் சேலையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகம் நான் பார்த்திராத மாதிரி ஆகிவிட்டது. அடித்தால்கூடத் தேவலை, அக்கா. அவர் சிரிப்புக்கும் பயம், சிரிக்காவிட்டாலும் பயம்.

அந்தக் கல்லை மிதித்துத்தான் அவர் தினமும் பள்ளிக்கூடம் போகிறார். வாத்தியார் செய்ததற்கு வாத்தியார் பெண்டாட்டி வயிறுதான் பதில் சொல்லும் என்று லயத்தில் பேசினார்களாம். பிள்ளை பிறந்த பிறகும் யாரும் பார்க்க வரவில்லை. அரையில் ஒரு கறுப்புக் கயிறு கட்டினேன், அதையும் அவர் கத்தரித்துவிட்டார். இப்போது அந்தப் பிள்ளைக்கு நீ வாங்கியது ஒன்றுதான் காவல்.

இனித் தபாலில் எழுதும்போது "உன் பிள்ளை" என்றுதான் எழுதுவேன். அவர் கேட்டால், பெரியம்மாளும் தாய்தானே என்று சொல்லிக்கொள்கிறேன். நீ வாங்கினவள், நீதான் பேரும் வைக்க வேண்டும்.

நாச்சம்மாள்

*

வடகரப்பதி,
2-5-1974

உ

அன்புள்ள தங்கச்சிக்கும் மாப்பிள்ளைக்கும் ஆசீர்வாதம். இங்கே வெயிலில் வறுபடுகிறோம், மற்றபடி உயிரோடு இருக்கிறோம்.

என் பிள்ளை எப்படி இருக்கிறாள்? தலை நின்றுவிட்டதா? யாரைப் பார்த்துச் சிரிக்கிறாள்? நான் அவளைக் குப்பாத்தாள் என்றுதான் கூப்பிடப் போகிறேன். மாப்பிள்ளை கோபிக்க வேண்டாம். அவர் தேன்மொழி என்று கூப்பிடட்டும், நான் குப்பாத்தாள் என்று கூப்பிடுகிறேன், பிள்ளை இரண்டுக்கும் திரும்பும். குப்பண்ணன் மகள் குப்பாத்தாள், பொருத்தமாகத்தானே இருக்கிறது.

கோயில் நோம்பிக்குச் சட்டை தைத்து வைத்திருக்கிறேன். ஆறுச்சாமி வந்தால் கொடுத்துவிடுகிறேன்.

மயிலாத்தாள்

*

பீர்மேடு,
20-6-1974

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். இங்கே மழை பிடித்துக்கொண்டது. நிற்கவே இல்லை. சுவரெல்லாம் ஈரம், துணி காய்வதில்லை. நீங்கள் எல்லோரும் சுகமா?

உன் பிள்ளை சுகம். நன்றாகக் குப்புற விழுகிறாள். அவர் "தேனு" என்று கூப்பிட்டால் தலையைத் தூக்குவாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவளை மார்பில் போட்டுக்கொண்டு அவர் செய்தித்தாள் வாசிப்பார். "உங்கக்காகிட்ட எழுது, அவங்க பிள்ளை பேப்பர் கிழிக்கிறாள்னு" என்று நேற்றுச் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்துவைத்தேன்.

உன் பிள்ளைக்குக் கொஞ்சம் இருமல். மழைக்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் இருக்கிறது என்று கம்பவுண்டர் சொன்னார், மருந்து கொடுத்திருக்கிறார். வேலுத்தாய் வந்து பார்த்தாள். போகும்போது வழக்கம்போல வாசற்படியைப் பார்த்துவிட்டுப் போனாள்.

சங்க மாநாட்டுக்கு அவர் அடுத்த மாதம் கோட்டயம் போகிறார். நான் தனியாக இருப்பேன். உன் பிள்ளையை நினைத்துக்கொள்.

நாச்சம்மாள்

*

வடகரப்பதி,
15-7-1974

உ

நாச்சம்மா, ஏன் பதில் இல்லை? இரண்டு கடிதம் போட்டுவிட்டேன், இது மூன்றாவது.

உங்கள் பக்கம் மலை சரிந்து ரோடு போய்விட்டது என்று ரேடியோவில் சொன்னதாக உன் மாமா கேட்டுவந்தார். ஆறுச்சாமியும் கம்பம் ஊர்வரை போய்த் திரும்பிவிட்டான். என் பிள்ளைக்கு இருமல் நின்றதா? போன வெள்ளிக்கிழமை நான் அவளை நினைத்துக்கொண்டு சோறு போடும்போது தெற்குச் சுவரில் பல்லி சொன்னது. தெற்கே சொன்னால் நல்லதில்லை. மாப்பிள்ளை இதைப் படித்தால் சிரிக்கட்டும், ஆனால் சிரித்து முடித்துவிட்டு ஒரு வரி எழுதட்டும்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. சுகம் என்று ஒரே ஒரு சொல் எழுதினால் போதும்.

மயிலாத்தாள்

*

பீர்மேடு,
28-7-1974

மயிலாத்தாள் அக்காளுக்கு, வணக்கம்.

குழந்தை உயிரோடு இருக்கிறது. நீங்கள் பதறிக்கொண்டுதான் பிரிப்பீர்கள் என்று தெரியும், அதனால் அதை முதலில் எழுதிவிட்டேன். மற்றதைச் சொல்கிறேன்.

நான் கோட்டயத்தில் இருந்தேன். மழையில் ரோடு சரிந்து திரும்ப முடியவில்லை. அப்போதுதான் குழந்தைக்கு இருமல் முற்றி மூச்சு இழுத்திருக்கிறது. நாச்சம்மாள் எந்தக் கோயிலுக்கும் போகவில்லை, யாரிடமும் மந்திரிக்கவில்லை. வேலுத்தாயைக் கூட்டிக்கொண்டு எஸ்டேட் ஜீப்பில் தோட்டத்துக் குறுக்குவழியாகக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடியிருக்கிறாள். இதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நானும்தான்.

நெஞ்சில் சீழ் கட்டியிருக்கிறது, ஊசி போட்டு எடுக்க வேண்டும், பெற்றவர் சம்மதம் வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கத்தரீனாள் என்ற நர்ஸ் வந்து தாய் யார் என்று கேட்டாள். நாச்சம்மாள், "எங்க அக்காளுதுங்க" என்றாள். அக்காள் எங்கே என்றால், பாலக்காட்டில். வேலுத்தாயைக் கேட்டால் அவளும், "வாங்கின பிள்ளைங்கம்மா" என்கிறாள். விலைக்கு வாங்கிய குழந்தை, திருடிய குழந்தை என்று வார்டு முழுவதும் பேச்சாகி, போலீசுக்குச் சொல்ல ஓர் ஆளும் கிளம்பிவிட்டானாம். இதற்குள் குழந்தையின் உதடு நீலமாகிவிட்டது. கத்தரீனாள் கடைசியாக ஒரு தரம், "பெற்றவள் யாரென்று சொல்லாவிட்டால் இது உன் கண்முன்னாலேயே போய்விடும்" என்று சொல்லியிருக்கிறாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற நாச்சம்மாள், ஆஸ்பத்திரிக்கே கேட்கும்படி சொன்னாளாம்.

"நாந்தானுங்க பெத்தவ. எம் பிள்ளைங்க அது."

சொல்லிவிட்டுத் தன் வாயிலேயே ரத்தம் வரும்வரை அடித்துக்கொண்டாள் என்று கத்தரீனாள் என்னிடம் சொன்னாள். ஊசி போட்டார்கள். குழந்தை பிழைத்தது.

நான் மறுநாள் போய்ச் சேர்ந்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என்ன செய்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று சிரித்தேன். தவிட்டுக்கு விற்றாயா என்று கேட்டுச் சிரித்தேன். அவள் தலை தூக்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு அவள் குழந்தையைத் தொடுவதில்லை. பின்வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். பால் கட்டி ரவிக்கை நனைகிறது, போய்ப் பிழிந்து ஊற்றிவிட்டு வருகிறாள். வேலுத்தாய் பாலாடையில் மாட்டுப்பால் புகட்டுகிறாள், குழந்தைக்கு அது நிற்கவில்லை, கக்கிவிடுகிறது. தாய்ப்பால் இல்லாமல் தேறாது என்கிறார் எஸ்டேட் டாக்டர். நான் எடுத்துச் சொன்னேன். படம் போட்டு விளக்கினேன். கத்தினேன். ஒரே பதில்தான் வருகிறது. "வாயால சொல்லிப்போட்டனுங்க. அதுக்கு நான் யாருன்னு தெரிஞ்சுபோச்சு. இனி நான் தொட்டாப் போயிருமுங்க."

அக்கா, உங்களைவிட எனக்கு அதிகம் தெரியும் என்று ஒரு கடிதத்தில் எழுதியிருந்தேன். எனக்கு முன்னால் மூன்று பேரைச் சாகக் கொடுத்தவள் என் தாய். என்னைப் பக்கத்து வீட்டு மருதாத்தாள் தவிட்டுக்கு வாங்கினாள். விவரம் தெரிந்த நாளிலிருந்து என் தாய் என்னை "மருதாத்தா பையன்" என்றுதான் கூப்பிட்டாள். முடி இறக்கிய பிறகும் அவளுக்குப் பயம் விடவில்லை. விழுந்து அடிபட்டு ஓடினால் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "உங்கூட்டுக்குப் போடா" என்பாள். நான் அதை நம்பினேன். மருதாத்தாள் வாசலில் போய் உட்காருவேன். அவளுக்கு ஐந்து பிள்ளைகள், அவளும் விரட்டுவாள். எந்த வீட்டிலும் நான் வீட்டுப் பிள்ளை இல்லை. அந்தச் சாமிகளையும் அந்தப் பெயரையும் நான் வெறுத்தது புத்தகம் படித்த பிறகு இல்லை, அந்த வாசலில் உட்கார்ந்தபோதே.

இப்போது நாச்சம்மாள் பத்தடி தள்ளி உட்கார்ந்துகொண்டு, யாரும் பார்க்காதபோது கடைக்கண்ணால் தொட்டிலைப் பார்க்கிறாள். அந்தப் பார்வையை நான் முன்பே பார்த்திருக்கிறேன். என் தாய் என்னை அப்படித்தான் பார்ப்பாள். பிடிக்காமல் பார்க்கிறாள் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். கேட்கலாம் என்றால் அவள் இல்லை.

எனக்கு நம்பிக்கை வந்துவிட்டதென்று எண்ண வேண்டாம். கல் வாசற்படியாகவேதான் கிடக்கிறது, எடுக்க மாட்டேன். இந்தக் கடிதத்திலும் சுழி இல்லை. ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது. பயத்துக்கு நான் படித்த எதிலும் மருந்து இல்லை. என் பேச்சை அவள் கேட்க மாட்டாள். வாங்கியவர் நீங்கள், உங்கள் சொல் அவளிடம் செல்லும்.

உங்கள் பிள்ளைக்குப் பால் கொடுக்க என் மனைவிக்கு உங்கள் உத்தரவு வேண்டும். உடனே எழுதுங்கள். முடிந்தால் நேரில் வாருங்கள். மறுபடி வாங்க வேண்டுமென்றால் நானே என் கையால் கிடத்தித் தருகிறேன். தவிடு கொண்டு வாருங்கள், இந்த மலையில் நல்ல தவிடு கிடைப்பதில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். விவரம் தெரிகிற வயதில் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். எந்த வாசலிலும் போய் அவள் உட்காரக் கூடாது.

உங்கள் பிள்ளை இப்போது தூங்குகிறாள்.

செழியன்

*

(ஆறுச்சாமி கைவசம்)

வடகரப்பதி,
2-8-1974

நாச்சம்மா, சுழி போடவும் நேரமில்லை, சுகம் விசாரிக்கவும் நேரமில்லை. ஆறுச்சாமி லாரியில் இப்போதே கிளம்புகிறான். நான் தவிட்டோடு நாளைக் காலை பஸ்ஸுக்குப் புறப்படுகிறேன். நான் வந்து சேரும்வரை பிள்ளை தாங்க வேண்டும், அதனால் இதை எழுதுகிறேன். மாப்பிள்ளை இதை உரக்க வாசிக்கட்டும். உனக்கு மட்டும் இல்லை, கேட்க வேண்டியவன் எவன் இருந்தாலும் அவன் காதிலும் விழட்டும்.

ஆஸ்பத்திரியில் நீ சொன்னது செல்லாது. சந்தையில் மாட்டை விற்று விலையும் வாங்கிக்கொண்டவன், மறுநாள் வந்து என் மாடு என்று கத்தினால் மாடு அவனுடையதாகிவிடுமா? நான் கொடுத்த தவிட்டை நீ திருப்பிக் கொடுத்தாயா? நான் வாங்கிக்கொண்டேனா? இல்லை. வேலுத்தாய் ஊட்டு மாடு தின்று என்றைக்கோ செரித்துவிட்டது. விற்றது விற்றதுதான். குப்பாத்தாள் என் பிள்ளை.

பிள்ளையைத் தேடி வருகிறவன் என் ஊட்டுக்கு வரட்டும். வடகரப்பதியில் மயிலாத்தாள் ஊடு என்றால் யாரும் காட்டுவார்கள். முதல் பிள்ளைக்கு நான் அவனிடம் பேசவேண்டிய பேச்சு ஒன்று பாக்கி இருக்கிறது, அதையும் சேர்த்துப் பேசிக்கொள்கிறேன்.

நீ பால் கொடுக்க வந்தவள். பால் கொடுக்க வந்தவளுக்கு என்ன பயம்?

எழுந்து போய் என் பிள்ளையை எடு.

மயிலாத்தாள்